சொல்லைத் தேட வழி சமைத்த வீரமாமுனிவர்

தமிழுக்குத் தொண்டாற்றிய சான்றோர் பலர். காவியம் பாடினோர் உளர். உரை வகுத்தோர் உளர். பொருள் விளங்காத சொல்லொன்றைக் கண்டு திகைக்கும் சிறுவனும் அதன் பொருளைப் பிறர் துணையின்றிக் கண்டறிய வழி சமைத்தவர் வீரமாமுனிவர்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட அவர், இத்தாலி நாட்டின் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவா வந்திறங்கித் தமிழகம் சேர்ந்தார். தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து வயதில் தொடங்கும் அரிச்சுவடியை அவர் முப்பது வயதில் தொடங்கினார். பின்னர் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார். தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலும் இயற்றினார். நவாப் சந்தா சாகிபைக் காணும் பொருட்டுப் பாரசீகமும் உருதுவும் பயின்றார் என்றும், நவாப் அவருக்கு இஸ்மத் சன்னியாசி என்னும் பெயர் வழங்கினார் என்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர்.

அவர் காலத்தில் சொற்பொருள் உணர்த்தியவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலியன செய்யுளால் ஆனவை. பெரும்பகுதியும் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் எனப் பொருள்வகையால் பகுக்கப்பட்டவை. திண்ணைப் பள்ளி மாணவர் அவற்றை நெட்டுருச் செய்தனர். மனப்பாடம் செய்தவர்க்கு நிகண்டு ஒரு கருவூலமே. ஆயின், ஒரு சொல் விலங்கைக் குறிப்பதா, மரத்தைக் குறிப்பதா என்றே அறியாதவன் அதனை எத்தொகுதியில் தேடுவான்? 1594இல் இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் நிறுத்தியது. எனினும் அதுவும் செய்யுள் நூலே.

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை உருவாக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் உடைமையால் அதற்கு அப்பெயர் வந்தது. ஒரு சொல்லின் பல பொருள்களைப் பெயரும், ஒரு பொருளின் பல சொற்களைப் பொருளும், முக்கனி போன்ற கூட்டங்களைத் தொகையும், எதுகைச் சொற்களைத் தொடையும் தந்தன. முதலெழுத்தோடு நில்லாது அடுத்தடுத்த எழுத்துகளையும் நோக்கிச் சொற்கள் நிரல்பட நின்றன. இளமையில் நிகண்டு நெட்டுருச் செய்யும் வாய்ப்புப் பெறாத அயலவரே அவ்வாய்ப்பில்லாத அனைவர்க்கும் உதவும் கருவியைப் படைத்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை அந்நாளில் புள்ளியே காட்டியது. ஓலையில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. குறிலா நெடிலா எனத் தெளியாவிடில் வரிசையில் சொல்லைத் தேடுவது எங்ஙனம்? நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அக்குழப்பம் நீக்கியவரும் அவரே என அறிஞர் போற்றுவர்.

அம்முனிவர் 1747இல் மறைந்தார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. ஆயின், அவர் சமைத்த வழியில் நம் பிள்ளைகள் நடக்கின்றனரா? மேனிலை வகுப்பு முடித்தும் ழகரம் முன்னா, ளகரம் முன்னா எனத் தயங்குவோரைக் காண்கிறோம். கைப்பேசி ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை நொடியில் காட்டும். அகராதியின் பக்கமோ அச்சொல்லின் சுற்றத்தையும் உடன் காட்டும்.

இப்பயிற்சி அரிதன்று. முதலில் எழுத்து வரிசை தடையின்றி வரவேண்டும். அடுத்து, மெய்யெழுத்து அதன் உயிர்மெய்க்கு முன் நிற்கும் என்பதை உணர்த்தல் வேண்டும்; அக்கரை முன்னும் அகம் பின்னும் வருதல் இதனாலேயாம். அகல், அகவு, அகழ் மூன்றும் முதலிரண்டு எழுத்தால் ஒத்து மூன்றாம் எழுத்தால் முறைப்படுதலைப் பிள்ளைகளே கண்டுகொள்ளட்டும். பின்னர், படித்தான் என்னும் சொல்லைப் படி என்னும் பகுதியில் தேடவேண்டும் எனப் பழக்கினால் இலக்கணமும் உடன் வரும்.

ஆசிரியப் பெருமக்கள் பொருளைச் சொல்லிக் கொடுக்குமுன் தேடச் சொல்லுதல் நன்று. பெரியோர் தம் இல்லத்தில் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் ஓர் அகராதியை வைத்தல் நன்று. சொல்லைத் தானே தேடிக் கண்ட பிள்ளை, எந்நூலையும் அஞ்சாது திறக்கும். அதுவே முனிவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.