ழான் பிலிப் ராமோ

ழான் பிலிப் ராமோ (திருமுழுக்கு: செப்டம்பர் 25, 1683 - இறப்பு: செப்டம்பர் 12, 1764) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இசையமைப்பாளரும் இசைக் கோட்பாட்டாளரும் ஆவார். ஐம்பதாவது வயதில் இவர் அரங்கேற்றிய முதல் ஓப்பரா (இசைநாடகம்) பிரெஞ்சு இசையுலகை இரு அணிகளாகப் பிரித்தது.

இளமைக் காலம்

ராமோ டிஜோன் நகரில் பிறந்தார். இவரது தந்தை தேவாலய ஆர்கன் வாசிப்பாளர். மகன் சட்டம் பயில வேண்டும் எனப் பெற்றோர் விரும்பினர். ஆனால் இவரது நாட்டம் இசையிலேயே இருந்தது. 1706 இல் பாரிசில் தமது முதல் ஆர்ப்சிகார்ட் தொகுப்பை வெளியிட்டார். எனினும் நாற்பது வயதை நெருங்கும் வரை பெரும்பாலும் மாகாண நகரங்களின் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தே வாழ்ந்தார்.

இசைக் கோட்பாடு

1722 இல் வெளியான "ஒத்திசைவு பற்றிய ஆய்வுநூல்" இவருக்குப் புகழ் தந்தது. ஒரு சுரக்கூட்டில் உள்ள சுரங்கள் மேல்கீழாக இடம் மாறினாலும் அதன் மூலச்சுரம் மாறுவதில்லை என இந்நூல் விளக்கியது. மேற்கத்திய ஒத்திசைவுக் கல்விக்கு இக்கருத்து அடிப்படையாக அமைந்தது. ஆனால் இப்புகழே இவருக்குத் தடையாகவும் இருந்தது. கோட்பாடு எழுதும் ஒருவரால் அரங்கிற்கு இசையமைக்க இயலுமா எனப் பலர் ஐயுற்றனர்.

இப்போலித்தும் ஆரிசியும்

அந்த ஐயத்திற்கு விடையாக அமைந்தது அக்டோபர் 1, 1733 இல் பாரிசில் அரங்கேறிய "இப்போலித்தும் ஆரிசியும்". ழான் ரசீன் 1677 இல் எழுதிய "பேத்ரா" என்னும் துன்பியல் நாடகத்தைத் தழுவி பெலெகிரென் பாதிரியார் இதன் பாடல்நூலை எழுதினார். அரசி பேத்ரா தன் கணவன் தீசியசின் மகன் இப்போலித் மீது காதல் கொள்வதே கதை. ரசீனின் நாடகத்தில் இப்போலித் இறக்கிறான். இசைநாடகத்தில் தயானா தேவியால் காக்கப்பட்டு ஆரிசியுடன் இணைகிறான்.

1687 இல் மறைந்த லுல்லியின் இசைமரபைப் போற்றியவர்கள், சுரக்கூட்டுகள் மிகுந்து இரைச்சலாக உள்ளதென இப்படைப்பைக் கண்டித்தனர். ராமோவின் ஆதரவாளர்களோ இதனைப் புதிய தொடக்கமாகக் கொண்டாடினர். ஊழ்த்தேவதையர் மூவர் பாடும் பகுதி ஒன்று, பாடகர்களால் பாட இயலாத அளவு கடினமாக இருந்தமையால் மேடையில் கைவிடப்பட்டது. கோட்பாட்டில் தாம் கண்டதை அரங்கில் முழுமையாக ஒலிக்கச் செய்ய இயலாதது இவருக்கு நேர்ந்த இழப்பாகும்.

பிற்காலம்

"காஸ்டரும் பொலுக்சும்" (1737), "பிளாத்தே" (1745) முதலியன இவரது பிற புகழ்பெற்ற படைப்புகள். 1752 இல் இத்தாலிய நகைச்சுவை இசைநாடகங்களை முன்னிட்டு எழுந்த விவாதத்தில், ரூசோ உள்ளிட்டோர் பிரெஞ்சு இசையைத் தாக்கினர். முன்பு மரபை உடைத்தவராகக் கண்டிக்கப்பட்ட ராமோ, இப்போது அம்மரபின் அடையாளமாகக் கருதப்பட்டார்.

1764 இல் பாரிசில் காலமானார். அதன் பின்னர் இவரது இசைநாடகங்கள் படிப்படியாக மேடையிலிருந்து மறைந்தன. 1908 இல் "இப்போலித்தும் ஆரிசியும்" பாரிசு ஓப்பராவில் மீண்டும் அரங்கேறியது. இவரது வாழ்நாளில் அரங்கேறாத இறுதிப் படைப்பான "பொரெயாது", 1982 இல் எக்சு-ஆன்-புரொவான்சு நகர விழாவில் முதன்முதலாக மேடையேறியது.