மெழுகு உருளையில் பதிந்த குரல்கள்

ஒரு நாட்டின் இசை அரங்குகளில் வாழ்கிறதா, உழவர் நாவில் வாழ்கிறதா? இவ்வினாவிற்கு விடை தேடி ஊர் ஊராய் அலைந்தவர் ஹங்கேரி நாட்டு இசையமைப்பாளரும் இசை ஆய்வாளருமான பேலா பார்டோக்.

1881ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அவர் பிறந்தார். அவர் பிறந்த ஊர் அன்று ஹங்கேரியில் இருந்தது. இன்று ருமேனியாவில் உள்ளது. ஏழு வயதில் தந்தையை இழந்தார். பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றிக் குடும்பத்தைக் காத்த தாயே அவருக்குப் பியானோவும் கற்பித்தார். புதாபெஸ்ட் இசைக் கல்லூரியில் பயின்ற பார்டோக், 1907இல் அங்கேயே பேராசிரியரானார்.

1904இல் பணிப்பெண் ஒருத்தி பாடிய நாட்டுப்புறப் பாடல் அவர் செவியில் விழுந்தது. நகரத்தார் ஹங்கேரிய இசை எனக் கொண்டாடிய மெட்டுகளினும் அது வேறாக ஒலித்தது. அடுத்த ஆண்டு சோல்டான் கோடாய் என்னும் இசை அறிஞரின் நட்பு வாய்த்தது. இருவரும் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றனர்; முதியோர் பாடியவற்றை மெழுகு உருளைகளில் பதித்தனர். அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுரப்படுத்தி, ஒப்பிட்டு வகைப்படுத்தினர். ஐந்து சுரங்களால் அமைந்த தொன்மையான மெட்டுகள் இவ்வாறு வெளிப்பட்டன.

பார்டோக்கின் தேடல் ஹங்கேரியரோடு நிற்கவில்லை. ருமேனியர், சுலோவாக்கியர் பாடல்களையும் திரட்டினார். 1913இல் அல்ஜீரியாவிற்கும் 1936இல் துருக்கிக்கும் சென்றார். முதல் உலகப்போருக்குப்பின் ஹங்கேரி தன் நிலப்பரப்பின் பெரும்பகுதியை இழந்திருந்தது. அவ்வேளையில் ருமேனிய இசையை ஆராய்ந்து எழுதியமைக்காக அவரது நாட்டுப்பற்றே ஐயுறப்பட்டது. எனினும் அவர் தம் ஆய்வைக் கைவிடவில்லை. அண்டை மக்களின் பாடல்கள் ஒன்றிலிருந்து ஒன்று கொண்டும் கொடுத்துமே வளர்கின்றன என்பது அவர் கண்ட உண்மை.

அவ்வுண்மை அவர் படைப்புகளிலும் உயிர்பெற்றது. எளிய பயிற்சியில் தொடங்கிப் படிப்படியாக அரிய நுட்பங்களுக்கு உயரும் 153 பியானோப் பாடங்கள் கொண்ட ‘மைக்ரோகாஸ்மாஸ்’ இன்றும் மாணவர்க்குத் துணைநிற்கிறது.

நாசிசத்தை வெறுத்த பார்டோக், 1940இல் தாயகம் நீங்கி அமெரிக்கா சென்றார். அங்குக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செர்பிய, குரோவாசியப் பாடல்களை ஆராய்ந்தார். நோயும் பொருள்முடையும் வாட்டிய நிலையிலும் 1943இல் ‘பல்லிய இசைக்குழுவிற்கான கச்சேரி’ என்னும் பெரும்படைப்பை இயற்றினார். 1945 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்கில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவரது மூன்றாம் பியானோ இசைக்கோவையில் இறுதிப் பதினேழு தாளக்கட்டுகளே முழுமை பெறாதிருந்தன; அவற்றை நண்பர் ஒருவர் நிறைவுசெய்தார். 1988இல் அவரது உடல் தாயகம் கொண்டுவரப்பட்டுப் புதாபெஸ்டில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பதிவுசெய்த பெயரறியா உழவர்களின் குரல்களோ, அவருக்குப் பின்னும் ஆய்வாளர்க்கு ஊற்றாய் விளங்குகின்றன.