மலப் பரிசோதனை: 345 ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்த துணி வியாபாரி

வயிறு சரியில்லை என்று டாக்டரிடம் போனால், மோஷன் டெஸ்ட் எழுதித் தருவார். டப்பாவை லேபில் நீட்டும்போது நமக்கே கொஞ்சம் கூச்சம்தான். 1681-ல் அந்தக் கூச்சமே இல்லாமல் தன் மலத்தைத் தானே சோதித்துப் பார்த்தார் ஒருவர்: அந்தோனி வான் லீவன்ஹூக்.

யார் இவர்?

1632-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பிறந்தவர். தொழில் துணி வியாபாரம். பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, லத்தீனும் தெரியாது. ஐந்து குழந்தைகளில் மரியா மட்டுமே பிழைத்தார். லென்ஸ்களைத் தானே உருவாக்கினார். இன்று எஞ்சியிருக்கும் அவரது நுண்ணோக்கிகளில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

தண்ணீரில் நுண்ணுயிர்கள் இருப்பதாக 1676-ல் அவர் எழுதியபோது லண்டன் ராயல் சொசைட்டி சந்தேகப்பட்டது. 1677-ல் நேரில் பார்த்த எட்டுப் பேரின் சாட்சியங்களை அனுப்பினார். 1680-ல் அதே அமைப்பு அவரை உறுப்பினராக்கியது.

1681-ல் என்ன பார்த்தார்?

வயிற்றுப்போக்கு வந்தபோது, தட்டையான வயிறும் சின்னக் கால்கள் போன்ற உறுப்புகளும் கொண்ட உயிர்கள் நகர்வதைக் கண்டார். அது இன்று ஜியார்டியா எனப்படும் ஒட்டுண்ணி என்பது ஆய்வாளர்களின் முடிவு. ஒரு தடவை பார்த்ததோடு அவர் விடவில்லை. மலம் கெட்டியாக இருந்த நாட்களிலும் பார்த்தார். அப்போது எதுவும் தென்படவில்லை.

ஏன் தென்படவில்லை?

ஜியார்டியாவுக்கு இரண்டு வடிவங்கள். நீந்தும் வடிவம் பெரும்பாலும் தளர்ந்த மலத்தில்தான் கிடைக்கும். கெட்டியான மலத்தில் இருப்பது ஓடு மூடிய, அசையாத 'சிஸ்ட்'. மற்றவர்களுக்கு நோயைப் பரப்புவது அதுதான். அசைவதைத் தேடிய கண்ணுக்கு அது சுலபமாகத் தப்பிவிடும்.

லேபில் இன்று நடப்பது என்ன?

உப்புக் கரைசலில் கலந்த ஒரு துளியில் நகரும் ஒட்டுண்ணிகள் தெரியும். அயோடின் கலந்த இன்னொரு துளியில் சிஸ்ட்கள் சாயமேறித் தெரியும். எண்ணிக்கை குறைவாக இருந்தால், சாம்பிளை வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் தங்குவதைப் பார்ப்பார்கள்.

லீவன்ஹூக் 1723-ல், 90 வயதில் இறந்தார். தான் கண்ட அந்த உயிர்தான் நோய்க்குக் காரணம் என்று அவர் சொல்லவில்லை. 1859-ல் வில்லெம் லாம்பில் அதை மீண்டும் விவரித்தார்.

ஜியார்டியா தினமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை. அதனால் ஒரு ரிப்போர்ட் நெகட்டிவ் என்றாலே தொற்று இல்லை என்று ஆகிவிடாது. வெவ்வேறு நாட்களில் மூன்று சாம்பிள் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் கொடுத்துவிடுங்கள்.