கரை சேர்த்த கடற்றளபதி

புறநானூற்றைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் சேரமான் பெருஞ்சேரலாதன் வரலாற்றைக் கடந்து செல்லுதல் இயலாது. வெண்ணிப் பறந்தலையிலே கரிகால் வளவனொடு பொருத அவ்வேந்தன் புறப்புண் பட்டமைக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். மார்பிற் பட்ட புண் புகழ். முதுகிற் பட்ட புண் பழி. இதுவே நம் முன்னோர் வகுத்த போரறம். பல ஆண்டுகளாக இதனை மாணவர்க்கு விரித்துரைத்து வருகின்றேன்.

சில காலத்துக்கு முன்னர் அப்பாடம் முடிந்தபோது, கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து ஒரு வினா விடுத்தான். ஒரு படை முழுவதுமே பகைவனுக்குப் புறங்கொடுத்துக் கடற்கரை வரை வந்துவிட்டால், அப்படையைக் கப்பலேற்றி வீடு சேர்த்த தளபதியை எந்த வரிசையில் வைப்பது என்று கேட்டான். டன்கேர்க் மீட்பைப் பற்றிய திரைப்படம் ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. நூல்களைத் தேடிப் படித்து மறு கிழமை சொல்லுகிறேன் என்று அவனை இருத்தினேன். அவ்வாறு படிக்கப் புகுந்தவிடத்து நான் கண்ட மனிதரே பிரித்தானியக் கடற்றளபதி பேர்ட்ரம் ராம்சே.

ராம்சே 1883 ஆம் ஆண்டு சனவரி 20 ஆம் நாள் இலண்டனை அடுத்த ஹம்ரன் கோட் அரண்மனையிலே பிறந்தார். தந்தையார் தரைப்படை அதிகாரி. மைந்தரோ 1898 இல், பதினைந்து வயதிலே, கடற்படையிற் சேர்ந்தார். முதலாம் உலகப் போரிலே டோவர்த் துறையைச் சார்ந்த காவற் கப்பல்களிற் கடமையாற்றினார். 1917 முதல் ‘புரோக்’ என்னும் நாசகாரிக் கப்பலுக்குத் தலைவரானார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய கடலின் நீரோட்டம், மணற்றிட்டு, மூடுபனி ஆகியவற்றை அவர் கற்றது அக்காலத்திலேதான். கற்ற கல்வி எப்பொழுது பயன்படும் என்பதைக் கற்கும்போது எவர் அறிவார்?

1935 இல் அவர் உள்நாட்டுக் கடற்படையின் தலைவரான பக்கவுஸ் என்பவருக்குப் பணிமனைத் தலைவராக அமர்ந்தார். இருவரும் நெடுநாள் நண்பர். ஆயினும் பணிமுறையில் ஒவ்வாதவர். எல்லாவற்றையும் தாமே பார்க்கவேண்டும் என்பது பக்கவுசின் இயல்பு. பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்து, ஒவ்வொருவரையும் தத்தம் கடமைக்கு விடையிறுக்கச் செய்தலே தலைமை என்பது ராம்சேயின் கொள்கை. தமக்கு வேலையில்லாத பதவியில் இருக்க அவர் விரும்பாது, அவ்வாண்டின் இறுதியில் விலகினார். அதன் பின்னர் அவருக்குத் தக்க பதவி கிட்டவில்லை. 1938 இல் ஓய்வுபெற்றோர் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அப்பொழுது வயது ஐம்பத்தைந்து. கடற்படையைப் பொறுத்தவரையில் அவர் வாழ்வு முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பர். பதவிக்குப் புறங்கொடுத்துப் போன மனிதர் என்று சொன்னவரும் இருந்திருக்கலாம்.

1939 இலே போர் மூண்டபோது டோவர்த் துறையை அறிந்தவர் வேண்டியிருந்தது. ஓய்விலிருந்த ராம்சே மீள அழைக்கப்பட்டார். டோவர்க் கோட்டையின் அடியிலே, சுண்ணப் பாறையைக் குடைந்து அமைத்த சுரங்க அறைகள் அவருடைய பணிமனையாயின.

1940 மே 10 ஆம் நாள் ஜேர்மனியர் மேற்கு நோக்கிப் பாய்ந்தனர். பத்தே நாளில் அவர்களுடைய கவச வண்டிகள் கடற்கரையை எட்டிவிட்டன. பிரித்தானியப் படையும், பிரெஞ்சுப் படைகளின் ஒரு பகுதியும், பெல்சியப் படையும் வடக்கே துண்டிக்கப்பட்டு அகப்பட்டுக்கொண்டன. மே 26 ஆம் நாள் மாலை, படைகளை மீட்கும் பணியைத் தொடங்குமாறு ராம்சேக்குக் கட்டளை வந்தது. இரண்டு நாளில் 45,000 பேரைக் காப்பாற்றினாற் போதும் என்பதே அரசாங்கத்தார் கொண்டிருந்த எதிர்பார்ப்பு.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இப்பணி கப்பலோட்டும் பணி மட்டுமன்று. நிலத்திலே பின்காவற் படை ஒருநாள் தளர்ந்தாலும் கரை பகைவர் கைப்படும். வானிலே காவல் குறைந்தால் கரையில் நிற்போரும் கப்பலில் ஏறியோரும் குண்டுக்கு இரையாவர். கடலிலே வழி அடைபட்டால் மற்றை இரண்டும் பயனற்றுப் போகும். மூன்றையும் நாள்தோறும், ஏன், நாழிகைதோறும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கவேண்டியிருந்தது.

முதற்கண் வழியை நோக்குவோம். டோவரிலிருந்து டன்கேர்க்குக்கு மிகக் குறுகிய வழி 39 கடல்மைல். கலே நகரம் வீழ்ந்தமையால் அவ்வழி ஜேர்மனியரின் பீரங்கிகளுக்கு எட்டியது. வடகிழக்கே சுற்றிச் செல்லும் வழி 87 கடல்மைல். ஒரு கப்பல் ஒரு நாளில் இரண்டு முறை போய்வருவதே அரிதாயிற்று. ஆகவே இடையிலே, கடற்கண்ணிகள் நிறைந்த பரப்பினூடு, 55 கடல்மைல் கொண்ட மூன்றாவது வழி ஒன்று துப்புரவு செய்யப்பட்டது.

அடுத்தது கப்பலேற்றும் இடம். டன்கேர்க்குக் கரை மிகவும் ஆழமற்றது. பெரிய கப்பல் கரையை அணுக மாட்டாது. வீரர் கழுத்தளவு நீரில் நின்று சிறு படகுகளிலேறிக் கப்பலை அடையவேண்டும். ராம்சே அங்கு அனுப்பிய கப்பற்றலைவர் ரெனன்ட், துறைமுகத்தின் கிழக்கே கடலுள் நீண்டு கிடந்த அலைதடுப்புச் சுவரைக் கண்டார். கப்பல் கட்டுவதற்கென அமைந்த சுவரன்று அது. மேலே சிலர் மட்டும் அடுத்தடுத்து நடக்கத்தக்க மரப்பாதை. துணிந்து ஒரு கப்பலை அங்கே அணைத்துப் பார்த்தனர், அது பொருந்தியது. மீட்கப்பட்டோருள் 2,39,446 பேர் துறைமுகத்திலிருந்தும் அச்சுவரிலிருந்தும் ஏறியவர். வெறுங்கரையில் ஏறியோர் 98,780 பேர். சிறு படகுகளின் புகழைப் பலரும் பாடுவர்; அது தக்கதே. ஆயினும் பெருஞ்சுமையைத் தாங்கியவை அச்சுவரும் நாசகாரிக் கப்பல்களுமே.

வானிலே, தென்னிங்கிலாந்திலிருந்து விமானப்படையின் போர்விமானங்கள் இடைவிட்டு இடைவிட்டுப் பறந்தன. பல சண்டைகள் கரையினின்றும் அப்பால், மேகத்துக்கு மேலே நடந்தமையால், மணலிற் கிடந்த வீரர் தம் விமானங்களைக் காணாது வைதனர். விமானப்படையோ அந்நாட்களில் 145 விமானங்களை இழந்தது. நிலத்தில் நிற்பவனுக்கு வானில் இறப்பவன் தெரிவதில்லை. மூன்று படைகளின் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பவனுக்கே அது தெரியும்.

அக்கணக்கை நாள்வாரியாக இங்கே தருகின்றேன். முதல் இரு நாளும் சேர்ந்து 7,669 பேர். மே 28 இல் 17,804. மே 29 இல் 47,310. அன்றைக்கே அச்சுவர் குண்டுவீச்சுக்கு இலக்காகிக் கப்பல்கள் பல மூழ்கின. புதிய நாசகாரிக் கப்பல்களை இனியும் இழக்கலாகாது என்று கடற்படைத் தலைமையகம் அவற்றைத் திருப்பி அழைத்தது. அவையின்றி எஞ்சியோரை மீட்க முடியாதென்று ராம்சே எடுத்துக்காட்டி, மறுநாளே அவற்றைத் திரும்பப் பெற்றார். மே 30 இல் 53,823. மே 31 இல் 68,014. யூன் 1 இல் 64,429. ஆனால் அந்நாளில் நான்கு நாசகாரிகள் போயின. இனிப் பகலிலே செல்லவேண்டா, இரவிலே மட்டும் செல்க என்று அவர் முறையை மாற்றினார். யூன் 2 இல் 26,256. யூன் 3 இல் 26,746. யூன் 4 இல் 26,175. ஆக மொத்தம் 3,38,226.

இவ்வெண்களை முதலிற் படித்தபோது அவற்றை வெறும் எண்களாகவே கண்டேன். பின்னர், ஒவ்வோர் எண்ணும் ஒரு நாளிரவு அச்சுரங்க அறையில் உறங்காதிருந்த ஒரு மனிதனின் தீர்ப்பு என்பது விளங்கிற்று. அந்த இக்கட்டிலும் அவர் தம் மனைவியாருக்குக் கடிதம் எழுதத் தவறவில்லை.

யூன் 2 ஆம் நாள் இரவோடு பிரித்தானியப் படை முழுவதும் கரை நீங்கியது. அத்துடன் நிறுத்தியிருந்தால் அவரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார். கப்பலோட்டிகள் எட்டு நாள் உறக்கமின்றித் தளர்ந்திருந்தனர். ஆயினும் பின்காவலாக நின்று மற்றையோருக்கு வழிவிட்ட பிரெஞ்சு வீரர் இன்னும் கரையில் இருந்தனர். அவர்களைக் கைவிடலாகாது என்று மேலும் ஓரிரவு செல்லுமாறு தம் மாலுமிகளை அவர் வேண்டிக்கொண்டார், அவர்களும் சென்றனர். இறுதி நாளில் வந்திறங்கியோர் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரரே. அப்படியிருந்தும் ஏறத்தாழ 40,000 பேர் அங்கே விடப்பட்டுச் சிறைப்பட்டனர். வரிசையைக் காத்து நின்றவர்கள் பலருக்கே வரிசையில் இடம் கிடைக்கவில்லை. இதனை மறைத்து டன்கேர்க்கைப் போற்றுவது உண்மையாகாது.

அதன் பின்னர் ராம்சேயை ஓய்வுபெற்றவர் என்று ஒதுக்க எவராலும் முடியவில்லை. 1942 நவம்பரிலே வட ஆபிரிக்கத் தரையிறக்கத்துக்குத் திட்டம் வகுப்பதில் முன்னின்றார். 1943 யூலையிலே சிசிலித் தீவில் பிரித்தானியப் படையை இறக்கிய கடற்படைக்குத் தலைமை தாங்கினார். எனினும் 1944 ஏப்பிரிலிலேதான் அவர் பெயர் முறைப்படி ஓய்வுப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. ஓய்வாளர் ஒருவரே உலகப் போரின் பெருங் கடற்பணிகளை நடத்திக்கொண்டிருந்தார் என்பது வியப்பன்றோ!

1944 யூன் 6 ஆம் நாள் நோர்மண்டிக் கரையில் நிகழ்ந்த தரையிறக்கத்தின் கடற்பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. போர்க்கப்பல் 1,213, தரையிறக்கும் கலங்கள் 4,126, துணைக்கலம் 736, வணிகக் கப்பல் 864. ஆக 6,939 கலங்கள். மேலே 11,000 க்கு மேற்பட்ட விமானங்கள். கண்ணிவாரிக் கப்பல்கள் முன்சென்று பத்து வழிகளைத் துப்புரவு செய்ய, ஏனையவை அவ்வழிகளில் நிரல்பட்டுச் சென்றன. புயலினால் ஒருநாள் தள்ளிப்போடப்பட்ட அப்பணியை மறுபடி தொடங்கலாமா என்று போட்சுமத்துக்கு அருகே தளபதிகள் கூடி ஆராய்ந்தபோது, கட்டளை அரைமணி நேரத்துள் கப்பல்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நினைவூட்டியவர் ராம்சேயே. வீரம் பேசுவோர் பலர் இருந்த அவையிலே காலத்தைக் கணித்தவர் அவர்.

அந்நாளில் மட்டும் கடல் வழியாக இறங்கியோர் 1,32,715 பேர். அம்மாத இறுதிக்குள் அத்தொகை 8,50,000 ஐக் கடந்தது. இடையே யூன் 19 இல் எழுந்த புயல் அமெரிக்கரின் மிதவைத் துறைமுகத்தைச் சிதைத்தது. ஆயினும் படகுகள் நேரே மணலில் ஏறிப் பொருள்களை இறக்கின, வரவு நிற்கவில்லை. நான்காண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக் கரையினின்றும் படையை அள்ளி வந்த அதே கைகள், இப்பொழுது ஒரு படையை அந்நாட்டுக் கரைக்கே கொண்டு சேர்த்தன.

அவர் சொல் ஏறாத இடமும் ஒன்றுண்டு. 1944 செப்டெம்பரிலே அன்ற்வேர்ப்புத் துறைமுகம் சிதையாமல் நேசநாட்டார் கைப்பட்டது. கடலினின்றும் அத்துறைக்குச் செல்லும் ஷெல்ட் ஆற்றின் கழிமுகம் பகைவர் கையில் இருக்கும்வரை துறைமுகத்தாற் பயனில்லை என்று அவர் முன்னரே எச்சரித்திருந்தார். தரைப்படைத் தலைவர் மொன்கொமரி வேறு நோக்கத்தில் ஈடுபட்டு அதனைப் பின்வைத்தார். கழிமுகத்தை மீட்கும் போர் அக்டோபரிலே முழு வீச்சடைந்தது. நவம்பர் 1 இல் வல்கரன் தீவிற் படைகள் இறங்கின. முதற் கப்பற்றொகுதி நவம்பர் 28 இல் துறைமுகம் சேர்ந்தது. அதற்குள் கனேடியப் படையிலே இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற் போனோருமாக ஏறத்தாழ 13,000 பேர். நிலமும் கடலும் ஒரே கணக்கில் எழுதப்படாதபோது வந்த விலை இது.

1945 சனவரி 2 ஆம் நாள், மொன்கொமரியைச் சந்திப்பதற்காகப் பாரிசை அடுத்த ஒரு விமான நிலையத்திலிருந்து பிரசல்சுக்குப் புறப்பட்டார் ராம்சே. விமானம் எழுந்தவுடனே வீழ்ந்தது. உடன் சென்ற அனைவரும் மாண்டனர். அறுபத்திரண்டு வயது நிரம்ப இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. கடலிலே வாழ்ந்தவரின் உடல் பிரான்சு நாட்டிலே சென் ஜேர்மன் என்னும் ஊரின் மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அவர் காத்த படைகள் வெற்றி கண்ட நாளை அவர் காணவில்லை. 1944 இல் அவர் நாள்தோறும் எழுதிய குறிப்பேடு 1994 இலே நூலாக வெளிவந்தது. 2000 ஆம் ஆண்டிலே டோவர்க் கோட்டையில் அவருக்குச் சிலை எடுத்தனர்.

மறு கிழமை அம்மாணவனுக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். டன்கேர்க் வெற்றியன்று, அதனை வெற்றியென்று சொல்லுதல் விடப்பட்ட 40,000 பேருக்கும் பிழை. ஆனால் புறங்கொடுத்தவன் அனைவரும் பழிக்குரியவன் என்பதும் பொருந்தாது. பெருஞ்சேரலாதன் தன் ஒருவனுடைய மானத்துக்கு விடை தேடினான். அது அவனுக்கு அழகு. பல்லாயிரம் தாய்மாரின் பிள்ளைகளுக்கு விடை சொல்லவேண்டியவனோ மானத்தைப் பின்வைத்து அன்றைய தொகையை எண்ணவேண்டியவனாகிறான்.

மாணவன் சிறிது நேரம் வாளாவிருந்தான். பின்னர், வெண்ணியிலே சேரனுடன் சென்ற போர்வீரர் எத்தனை பேர், அவருள் வீடு திரும்பியோர் எத்தனை பேர் என்று வினவினான். அந்தக் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை என்றேன்.