தொப்பிகளை எண்ணிய வங்கி ஊழியர்



ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பண்டிகை நாளில் பொதுமக்களே பறவைகளை எண்ணும் வழக்கத்தை 125 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தொடங்கி வைத்தவர் ஃபிராங்க் சாப்மன். இந்த இதழில் அவரைப் பற்றிப் பார்ப்போம்.

1864-ல் நியூஜெர்சியில் பிறந்த சாப்மன் கல்லூரிக்குப் போகவில்லை. பள்ளி முடிந்ததும் நியூயார்க்கில் ஒரு வங்கி வேலை. 1884-ல் வலசைப் பறவைகளைக் கவனித்துத் தகவல் அனுப்பத் தன்னார்வலர்கள் தேவை என்று பறவையியலாளர் சங்கம் கேட்டது. சாப்மன் பெயர் கொடுத்தார். விடியற்காலையில் எழுந்து பறவைகளைப் பார்ப்பார். குறித்து வைத்துவிட்டு ரயில் பிடித்து வேலைக்குப் போவார்.

அந்தக் காலத்தில் பெண்களின் தொப்பிகளில் இறகுகளையும் பாடம் செய்த முழுப் பறவைகளையும் செருகுவது நாகரிகம். 1886-ல் சாப்மன் நியூயார்க் கடைத்தெருவில் இரண்டு மாலை நடந்து தொப்பிகளை எண்ணினார். மொத்தம் 700 தொப்பிகள். அவற்றில் 542-ல் பறவையோ இறகோ இருந்தது. சுமார் 40 வகைப் பறவைகளை அவரால் அடையாளம் காண முடிந்தது. இந்தக் கணக்கை ஒரு பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். அதே ஆண்டு வங்கியை விட்டார். 1888-ல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார்.

பறவைகளைத் தேடி அவர் அடிக்கடி ஃபுளோரிடா சென்றார். அங்கே கடலோரக் காயல் ஒன்றில் பெலிகன் தீவு என்ற சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. அப்போது அதன் பரப்பு ஐந்தரை ஏக்கர்தான். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டக் கடைசியாக மிஞ்சியிருந்த இடம் அதுதான். இறகுக்காகச் சுட்டார்கள்; படகில் போகிறவர்கள் சும்மா பொழுதுபோக்குக்காகவும் சுட்டார்கள். அந்தத் தீவும் போனால் அந்தக் கரையில் கூழைக்கடாக்களுக்குக் கூடு கட்ட இடம் இல்லை.

கிறிஸ்துமஸ் நாளில் துப்பாக்கியோடு இரண்டு அணிகளாகக் கிளம்பி, அதிக உயிர்களைக் கொன்ற அணிக்கே வெற்றி என்று கொண்டாடும் வழக்கமும் அமெரிக்காவில் இருந்தது. சுட வேண்டாம், எண்ணுங்கள் என்று 1900-ல் தன் பறவைப் பத்திரிகை வழியாக சாப்மன் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று கனடாவிலும் அமெரிக்காவிலுமாக 25 இடங்களில் எண்ணியவர்கள் 27 பேர் மட்டுமே. சுமார் 90 வகைப் பறவைகள் பதிவாயின.

பெலிகன் தீவையும் அவர் மறக்கவில்லை. அதைக் காப்பாற்றும்படி அவரும் நண்பர்களும் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார்கள். 1903 மார்ச் 14 அன்று அது பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்க மத்திய அரசு காட்டுயிர்களுக்கென்று ஒதுக்கிய முதல் இடம் அது.

அறிவிப்பு வந்தது, காவலாளிக்குச் சம்பளம் வரவில்லை! எதிர்க்கரையில் வசித்த படகு கட்டுபவர் பால் குரோகல் அந்தப் பொறுப்பை ஏற்றார். நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் பறவை ஆர்வலர்களே அவருக்கு மாதம் ஒரு டாலர் கொடுத்தார்கள். படகு வரும் சத்தம் கேட்டால் அவர் துப்பாக்கியோடு தீவுக்குக் கிளம்பிவிடுவார்.

சாப்மன் 1945-ல் காலமானார். அவர் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடக்கிறது. துறைமுகக் கரைகள், கடலோரத் தீவுகள், நகரப் பூங்காக்கள் என்று 2,000-க்கும் மேற்பட்ட வட்டாரங்களில் பல்லாயிரம் தன்னார்வலர்கள் எண்ணுகிறார்கள். எந்தப் பறவை குறைகிறது, எது இடம் மாறுகிறது என்று அறிய விஞ்ஞானிகள் இந்தக் கணக்கைத்தான் புரட்டுகிறார்கள்.

வரும் பொங்கலுக்கு நீங்களும் ஒரு கால் மணி நேரம் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ நில்லுங்கள். காகமும் மைனாவும் மாடப்புறாவும்தானே என்று விட்டுவிடாதீர்கள், அவற்றையும் எண்ணுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாப்மனும் இப்படி வேலைக்குப் போகும் முன் கிடைத்த கொஞ்ச நேரத்தில்தான் ஆரம்பித்தார்.