டார்வினும் சில சிறு வினாக்களும்

பெரியோர் சரித்திரத்தைக் கற்கப் புகுவோர் பெரும்பாலும் அவர்தம் அருஞ்செயல்களையே வினவுவர். எந்நாடு கண்டார், எந்நூல் இயற்றினார் என்பனவே அவர் அறிய விழைவன. காலையில் எப்பொழுது எழுவீர், இளமையிற் செய்த குறும்பு யாது, மாலைப்பொழுதை இல்லத்தாரோடு எங்ஙனம் கழிப்பீர் என்றாற் போல்வன, நண்பர் கூடி நகையாடுங்கால் கேட்டு மறக்கும் சிறு வினாக்களாகக் கருதப்படும். ஆயினும் ஒருவர்தம் உள்ளத்தினுட் புகுதற்கு இச்சிறு வினாக்களே நல்வாயில்கள் என்பது நம் துணிபு. ஆங்கில நாட்டு இயற்கை நூலறிஞர் சார்லஸ் டார்வினது வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இத்தகைய வினாக்களை அவரிடம் மெய்யாகவே ஒருவர் கேட்டனர். பாட்டனார் வழியில் உறவினராகிய பிரான்சிஸ் கால்ட்டன் என்பார், 1873-ஆம் ஆண்டில் அறிவியலாளர் பலர்க்கும் நீண்டதோர் வினாப்பட்டியை விடுத்தார். உயரம், மயிரின் நிறம், மனப்பாங்கு, ஞாபகசக்தி, கல்வி, தனித்திறன் முதலியன யாவும் அதனுட் கேட்கப்பட்டிருந்தன. உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் பெருநூலை 1859-இல் வெளியிட்டு, உலகறிந்த பேரறிஞராய் அப்பொழுது டார்வின் விளங்கினார். அவர் தந்த விடைகளோ நம்மை நகைக்கவும் நாணவும் செய்கின்றன. தமக்குத் தனித்திறன் ஏதும் இல்லையென்றும், கணக்கு எழுதுதல், கடிதங்கட்கு விடையிறுத்தல், பணத்தை நன்கு முதலீடு செய்தல் ஆகிய இவற்றில் மட்டும் சிறிது திறமை உண்டென்றும் அவர் குறித்தார். ஆண்டுகளை நினைவில் வைத்தற்கும் நெட்டுருச் செய்தற்கும் தம் ஞாபகம் உதவாது என்றும் ஒப்புக்கொண்டார். பரீட்சைக்கு அஞ்சும் மாணவர்க்கு இஃது ஓர் ஆறுதலன்றோ!

அவர் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள் ஷ்ரூஸ்பரி நகரிற் பிறந்தார். தந்தையார் பேர்பெற்ற மருத்துவர். அன்னையார் 1817-இல் காலமாயினர். எட்டாண்டுச் சிறுவனுக்கு அவ்வன்னையைப் பற்றி எஞ்சிய நினைவுகள் மிகச் சிலவே: அவர் கிடந்த மரணப் படுக்கை, அவரது கருநிற வெல்வெட்டு ஆடை, விந்தையாய் அமைந்த ஒரு தையல் மேசை. 1876-இல் தம் மக்கட்கெனத் தன் சரிதம் எழுதப் புகுந்தபொழுது, இல்லாததைக் கற்பித்து நிரப்பாமல் அவ்வளவையே எழுதினார்.

இளமைக் குறும்புகளையும் அவர் மறைத்தாரல்லர். தோட்டத்துப் பழங்களைத் தாமே பறித்துப் புதரில் ஒளித்துவிட்டுத் திருட்டுப் பழக்குவியலைக் கண்டுபிடித்ததாக ஓடிவந்து அறிவித்ததுண்டு. வண்ணநீர் ஊற்றி வெவ்வேறு நிறப் பூக்களை மலரச் செய்ய வல்லேன் என்று தோழனொருவனை ஏய்த்ததும் உண்டு. தமையனாரோடு கூடி இரசாயனச் சோதனை செய்தமையால், பள்ளித்தோழர் அவர்க்குக் காற்று எனும் பொருள்பட ‘காஸ்’ என்று பட்டப்பெயர் இட்டனர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்ற காலத்தில் வண்டு சேகரிப்பதில் பெருவேட்கை கொண்டார். ஒருநாள் இரு கைகளிலும் ஒவ்வோர் அரிய வண்டைப் பற்றியிருக்க, மூன்றாவதொன்று தோன்றிற்று. அதனை இழக்க மனமின்றிக் கையிலிருந்த ஒன்றை வாயிலிட்டார். அது காரநீரை உமிழ்ந்து நாவைச் சுட, வாயிலிருந்ததையும் மூன்றாவதையும் ஒருங்கே இழந்தார்.

பீகிள் என்னும் கப்பலில் 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றி மீண்டபின், மணம் செய்துகொள்வதா வேண்டாவா என்னும் வினா எழுந்தது. 1838-இல் அவர் ஒரு தாளை இரு கூறாக்கி, மணத்தின் நன்மை தீமைகளை வணிகர் வரவு செலவு எழுதுமாறு எழுதினார். நூல் வாங்கப் பணம் குறையும், காலம் வீணாகும் என்பன ஒரு பக்கம். மக்கட்பேறு, முதுமையில் துணை என்பன மறுபக்கம். வாழ்க்கைத்துணை நாயினும் மேலானது என்ற குறிப்பும் அங்கே உண்டு! முடிவு மணத்தின் பக்கமே நின்றது. 1839-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் தம் மாமன் மகளாராகிய எம்மா வெட்ஜ்வுட் அம்மையாரை மணந்தார்.

1842 முதல் கெண்ட் மாகாணத்து டவுன் என்னும் சிற்றூரே அவர் உறைவிடம். உடல்நலம் குன்றியவராதலின், கடிகாரம் போன்றதோர் ஒழுங்கை அவர் மேற்கொண்டார். காலை எட்டு மணிக்கு ஆராய்ச்சி, ஒன்பதரைக்குக் கடிதம், மீண்டும் ஆராய்ச்சி, நண்பகலில் மணற்பாதையில் உலாவல், பிற்பகலில் எம்மா அம்மையார் நாவல் வாசிக்கக் கேட்டு இளைப்பாறல். சுற்றுகளை எண்ணுதற்குப் பாதையோரம் கற்களைக் குவித்து, சுற்றுக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளுவார். மூக்குப்பொடிப் பழக்கத்தைக் குறைக்க எண்ணிப் பொடிச் சாடியைத் தம் அறையில் வையாது கூடத்தில் வைத்தார். எழுந்து செல்லும் தொல்லையேனும் தடுக்கட்டும் என்பது கருத்து.

இத்தடையைத் தகர்த்தவள் அவர்தம் மூத்த மகள் ஆனி. தந்தைக்காக ஒரு சிட்டிகைப் பொடியைக் களவாக எடுத்துக்கொண்டு, முகம் மலர மாடிப்படி இறங்கி ஓடிவருவாள். மணற்பாதையில் அவர் விரைந்து நடக்க, அவள் சுழன்றாடிக்கொண்டே முன்செல்வாள். 1851-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், பத்தாண்டு நிரம்பிய அப்பெண் நோயுற்று மரித்தாள். ஒரு வாரத்தில் தந்தை அவளைப் பற்றிய நினைவுக் குறிப்பொன்றை எழுதினார். பொடியும் ஆட்டமும் ஆகிய இச்சிறு செய்திகளே அதனுள் நிறைந்துள்ளன. அவற்றை அவர் எழுதி வையாதிருப்பின், ஆனி நமக்கு வெறும் பெயராய் நின்றிருப்பாள்.

பிறரை வினவுவதிலும் அவர் சளைத்தாரல்லர். மூத்த மகன் பிறந்த 1839-ஆம் ஆண்டு முதலே குழந்தையின் அழுகையையும் சிரிப்பையும் குறித்து வந்தார். வியப்புற்றோர் புருவத்தை உயர்த்துகின்றனரா, நாணமுற்றோர் முகம் சிவக்கின்றதா, இல்லையென்பார் தலையை அசைக்கின்றனரா என்றாற் போன்ற வினாக்களை 1867-இல் பல தேசத்தார்க்கும் அனுப்பினார். இலங்கையிலிருந்தும் ஒரு குருவானவர் விடை எழுதியுள்ளார். மெய்ப்பாட்டியலைப் பயிலும் நாம் இவ்வாராய்ச்சியின் அருமையை எளிதில் உணர்வோம். இதன் பயனாக மனிதர் விலங்குகளின் உணர்ச்சி வெளிப்பாட்டைப் பற்றிய அவரது நூல் 1872-இல் வெளிவந்தது.

இனி, விடை எளிதிற் கிட்டாத வினாவொன்றும் அவ்வில்லத்தில் இருந்தது. எம்மா அம்மையார் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். கணவர் உள்ளத்திலோ ஐயம் வளர்ந்தது. மெய்ப்பிக்கப்படாத எதையும் நம்பாத ஆராய்ச்சி வழக்கம் அவரை விசுவாசத்தினின்று பிரிக்குமோ என்றும், தாம் இருவரும் என்றென்றைக்கும் ஒருவர்க்கொருவர் உரியராகாமற் போவரோ என்றும் அஞ்சி, மணமான புதிதில் அம்மையார் ஒரு கடிதம் எழுதினார். டார்வின் அதனை வாழ்நாள் முழுதும் பாதுகாத்தார். அதன் கீழே, தாம் இறந்தபின் மனைவியார் காணுமாறு, அதனைப் பன்முறை முத்தமிட்டு அழுததாகக் குறித்து வைத்தார்.

இப்பெரு வினாவில் அவர்கள் ஒன்றுபட்டிலர். ஆயினும் ஒவ்வோர் இரவும் பாக்கமன் என்னும் தாயவகை ஆட்டத்தை இருமுறை ஆடுவர். அதற்கும் டார்வின் கணக்கு வைத்தார்: 1876-இல் அவர் வென்றவை 2795, அம்மையார் வென்றவை 2490. நகைக்கத்தக்க இவ்வெண்களுள், கருத்து வேறுபட்ட இருவர் நாடோறும் ஒரு மேசையினருகே வந்தமர்ந்த அன்பு அடங்கியுள்ளதென்க.

ஒரு குறையையும் அவரே கூறியுள்ளார். இளமையிற் கவிதையை விரும்பிய தம் மனம், பிற்காலத்தில் அச்சுவையை முற்றும் இழந்ததென வருந்தினார். மீண்டும் வாழ வாய்ப்பின், வாரத்திற்கு ஒருமுறையேனும் கவிதை படித்து இசை கேட்பதை வழக்கமாக்குவேன் என்பது அவரது ஏக்கம். விஞ்ஞானம் பயிலும் நம் தோழர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

1882-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருடல் அடக்கம் செய்யப்பெற்றது. உலகம் அவர்தம் பெருநூலைப் பற்றி இன்னும் வாதிடுகின்றது. கூடத்தில் வைத்த பொடிச்சாடியையும், மாலைதோறும் விரித்த ஆட்டப்பலகையையும் அறிந்த நாமோ, அவ்வறிஞருள் ஒரு தந்தையையும் ஒரு கணவரையும் கண்டுகொண்டோம். நம் இல்லங்களிலுள்ள முதியோர் பலர் இத்தகைய சிறு வினாக்களை எவரும் கேளாதிருத்தலின் பேசாதிருக்கின்றனர். விடை கூறுவோர் நம்மிடையே உள்ளபொழுதே நாம் கேட்போமாக.