மாட்டுவண்டியும் கமராவும்: ஆனந்த குமாரசுவாமி தம்பதியின் இலங்கைப் பயணம்

கலை அறிஞராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, முதலில் கல்லையும் மண்ணையும் படித்தவர். 1877 இல் கொழும்பில் சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். 1902 இல் எதெல் பார்ட்ரிட்ஜை மணந்தார். அடுத்த வருடமே கனிமவள ஆய்வுப் பணிப்பாளராக இலங்கையில் பொறுப்பேற்றார்.

ஆய்வு என்றால் ஊர் ஊராக அலைச்சல். மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றி, வசதிப்பட்ட இடத்தில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள் இருவரும். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமத்தை 1904 இல் அவர் கண்டறிந்தது இந்தப் பணியில்தான். ஆனால் வழியில் அவர்களைத் தடுத்து நிறுத்தியது வேறு. இறக்குமதிச் சாமான்கள் வந்து குவிய, கண்டிப் பகுதிக் கைவினைஞர்கள் பரம்பரைத் தொழிலைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குறிப்பெடுத்தார், எதெல் புகைப்படம் எடுத்தார். 1908 இல் அது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலாக வெளிவந்தது. 425 பிரதிகள்தான். எதெலின் பங்கை யாரும் பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

2008 இல் இலுப்பைக்கடவையிலிருந்து நாங்களும் உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டை ஏற்றிக்கொண்டுதான் வெளிக்கிட்டோம். தறப்பாள் கட்டிய இடமெல்லாம் வீடு. மீள்குடியேறியபோது கதவு நிலைகூட மிஞ்சியிருக்கவில்லை. அம்மா இழைத்த பனையோலைப் பெட்டிகளை ஒருவரும் படமெடுத்து வைக்கவுமில்லை. அதனாலோ என்னவோ, அந்தக் கனிமத்தைவிட எதெலின் கமராதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பின்னாளில் இருவரும் பிரிந்தார்கள். எதெல் இங்கிலாந்தில் பெயர்பெற்ற கைத்தறி நெசவாளியானார். குமாரசுவாமி 1917 முதல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, 1947 செப்டெம்பரில் அமெரிக்காவிலேயே காலமானார்.